டாக்டர்களைத் தவிர எல்லோரும்

"டாக்டருங்க தவிர எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்று நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். செருப்பைத் தேடினாள். சின்னவள் ஜன்னலோரம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வாடி. டாக்டருங்க பேசட்டும்," என்றாள் அம்மா.

அறையில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் வயிற்று டாக்டர். நாளை காலை அப்பாவின் வயிற்றில் துளை போட்டுச் சாப்பாட்டுக்குக் குழாய் வைக்கப்போகிறவர். இன்னொருவர் அண்ணன். அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் நோயாளிகளைப் பார்ப்பவன். சின்னவள் பல் டாக்டர். அவள் தோளில் அப்பாவின் துண்டு கிடந்தது. தோளில் துண்டோடு நிற்பவளை நர்ஸ் எந்தக் கணக்கில் சேர்ப்பாள்? சின்னவள் வெளியே போனாள்.

வராந்தாவின் ஒரு கோடியில் லிஃப்ட் இருந்தது. மறு கோடியில் தீயணைக்கும் சிவப்பு உருளை. அவள் லிஃப்ட் வரை நடந்தாள். உருளை வரை நடந்தாள். மறுபடி லிஃப்ட்.

"ஒரு இடத்துல உக்காரேன். நீ நடக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"நீ பாக்காதேம்மா."

"கண்ணு முன்னாடியே நடந்தா எப்படிப் பாக்காம இருக்கறது?"

வீட்டில் டாக்டர் என்றால் அண்ணன்தான். சின்னவளுக்குப் பல்லு என்று பெயர். அவள் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா வைத்தது. அப்பா மருந்துக்கடைக்காரர். ஆயுள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே பிழைத்தவர். ஒரு சீட்டில் எழுத்து எவ்வளவு மோசமோ அவ்வளவு பெரிய டாக்டர் என்பது அவருடைய கணிப்பு. பல் டாக்டர்களின் சீட்டுகள் மணிமணியாக இருக்கும். "படிச்சா புரியுதே, இவரென்ன டாக்டர்?" என்பார். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள்.

சின்னவள் கிளினிக் திறந்தபோது பலகை எழுதுகிறவன் பக்கத்தில் அப்பாதான் நாள் முழுக்க நின்றார். சாயங்காலம் அவள் போய்ப் பார்த்தாள். பெயர் பெரிதாக இருந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர் இல்லை. "இடம் பத்தலைம்மா," என்றார் அப்பா. பலகையில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு இனிப்பு கொடுத்தாள்.

இப்போது அந்த மனிதர் உள்ளே படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம். வலது கை, வலது கால் அசையவில்லை. வாயின் வலது பாதி தொங்கிவிட்டது. நாக்கு எழும்பவில்லை. விழுங்குவதும் சரியில்லை என்று மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டார்கள். அவர் இடது கையால் பிடுங்கிப் போட்டார். மறுபடி விட்டார்கள். மறுபடி பிடுங்கினார். இடது கையில் குத்துச்சண்டைக்காரன் போலப் பஞ்சு உறை கட்டினார்கள். அதற்கு முன் ஒருமுறை அந்தக் கையில் பேனா கொடுத்துப் பார்த்திருந்தார்கள். காகிதத்தில் புழு நெளிந்தது. "அப்படியே டாக்டர் கையெழுத்து," என்று அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

பேசுவதற்கு மட்டும் அவர் ஓயவில்லை. ஆ என்றும் ஓ என்றும் நாள் முழுக்கச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மூளையில் பேச்சு இருக்கிற பக்கத்தில்தான் அடி, சத்தம் வரும், அர்த்தம் இருக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணனும் அதைத்தான் சொன்னான்.

முந்தாநாள் மத்தியானம் வரை சின்னவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அப்பாவின் பல்செட் அவள் செய்து கொடுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று யாரோ கழற்றி ஒரு டம்ளரில் போட்டு அலமாரியில் வைத்ததோடு சரி. முந்தாநாள் அதைக் கழுவி அவர் வாயில் வைத்துப் பார்த்தாள். தொங்கிய கன்னத்தில் நிற்கவில்லை. வழுக்கியது. அப்பா ஏதோ கத்தினார்.

"ஆடுதுன்னு எனக்கும் தெரியுதுப்பா. எடுத்துடறேன். கடிக்காதீங்க," என்றாள்.

எடுத்த பிறகுதான் உறைத்தது. அவர் சொன்னதற்கு அவள் பதில் சொல்லியிருந்தாள்.

கிளினிக்கில் இது அன்றாடம் நடப்பதுதான். வாயில் பஞ்சு, சின்னக் கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு மனிதர்கள் பேசுவார்கள். மருமகளைப் பற்றி, மேலதிகாரியைப் பற்றி, மாடி வீட்டுக்காரன் தண்ணீர் திறந்துவிட்டதைப் பற்றி. உதடு சேராது. நாக்கு மேலே தொடாது. சின்னவள் பதில் சொல்லிக்கொண்டே பல்லைக் குடைவாள். உதவியாளர் பெண் வந்த புதிதில் பேயறைந்தவள் போல நின்றாள். "எப்படி மேடம் புரியுது?" என்று கேட்டாள். "புருவத்தைப் பாரு, கால் கட்டைவிரலைப் பாரு, மீதி தன்னால வரும்," என்று சொல்லிவைத்தாள் சின்னவள். உண்மையில் எப்படிப் புரிகிறது என்று அவளுக்கே தெரியாது.

முந்தாநாள் அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்கப்பா," என்றாள். அவர் சொன்னார். குழாய் வேண்டாம். மூக்கிலும் வேண்டாம், வயிற்றிலும் வேண்டாம். வாயில் கொடு. வருவது வரட்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், டாக்டரைக் கூப்பிடு என்றார்.

"நான் இருக்கேன்ல," என்றாள்.

டாக்டரைக் கூப்பிடு என்றார் அப்பா.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளினிக்கில் அவள் தப்பாகக் கேட்டால் ஆள் எழுந்து வாய் கொப்பளித்துவிட்டுத் திருத்துவார். "மருமகளைச் சொல்லலைம்மா, மகளைச் சொன்னேன்," என்பார். அப்பா எழுந்து கொப்பளிக்க மாட்டார். அவளுக்கும் அந்தக் குழாய் பிடிக்கவில்லை. தனக்குப் பிடிக்காததைத்தான் அவர் வாயிலிருந்து கேட்கிறோமோ? நேற்று சோதித்துப் பார்த்தாள். "குழாய் வேணும்னுதானே சொன்னீங்க?" என்று வேண்டுமென்றே மாற்றிக் கேட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பரீட்சை வைக்கும் பிள்ளைகளை அவருக்குப் பிடிக்காது. அவளுக்கு ஒரே ஒரு தைரியம் இருந்தது. டாக்டரைக் கூப்பிடு என்பதை அவள் கேட்க விரும்பவில்லை. இருந்தும் அது காதில் விழுந்தது.

கதவு திறந்தது. வயிற்று டாக்டரும் அண்ணனும் வெளியே வந்தார்கள்.

"நாளைக்குக் காலைல முதல் கேஸ் நம்மதும்மா," என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னான். "சின்ன வேலைதான். பயப்படாதே."

"அண்ணா, அவருக்கு வேண்டாமாம்," என்றாள் சின்னவள்.

"யார் சொன்னா?"

"அவர்தான்."

"உன்கிட்ட."

"என்கிட்டதான்."

வயிற்று டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். சிரித்தார். "டாக்டரோட தங்கச்சியா? நீங்களும் மெடிக்கல் லைனா?"

"பல்," என்றான் அண்ணன்.

"அட, நல்லதாப் போச்சு." அவர் அங்கேயே வாயைத் திறந்தார். கடைவாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டார். விரலை எடுக்காமலே ஏதோ சொன்னார். பல் டாக்டரிடம் வாயைக் காட்ட யாருக்கும் இடம் பொருள் ஏவல் கிடையாது. கல்யாண மண்டபத்தில் காட்டுவார்கள். சாவு வீட்டில் காட்டுவார்கள்.

"ராத்திரியில வலி எழுப்புதுன்னா நரம்பு வரைக்கும் போயிருக்கும் சார்," என்றாள் சின்னவள். "இடது பக்கமே மெல்லுறதும் நிறுத்துங்க. அதை நாலு மாசமாத் தள்ளிப் போட்டிருக்கீங்க. இனிமேலும் போடாதீங்க."

"கரெக்ட், கரெக்ட்," என்று அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். லிஃப்டுக்குள் போனார்.

அண்ணன் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"ஏன், உனக்குப் புரியலையா?"

அவன் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். "அது வேற. அவர் மூளை நல்லா இருக்கு."

"அப்பா மூளையும் நல்லாத்தான் இருக்கு. வாய்தான் போச்சு."

"ஆமாவுக்கும் தலையாட்டுறார், இல்லைக்கும் தலையாட்டுறார். அதுக்கு என்ன சொல்றே?"

"கடையிலயும் அப்படித்தான் ஆட்டினார். எதிர்ல நிக்கறவன் போனாப் போதும்னு."

அம்மா இதற்குத் தலையாட்டினாள்.

"சரி. நான் கேஸ் ஷீட்ல என்னன்னு எழுதறது?" என்றான் அண்ணன். "நோயாளி மறுத்தார், பல்லு கேட்டுச் சொல்லிச்சுன்னா?"

"டாக்டர் கேட்டுச் சொன்னாங்கன்னு எழுது."

"இப்ப அதுவா விஷயம்?"

"அதுதான் விஷயம். இதையே கண் டாக்டர் ஒருத்தர் சொல்லியிருந்தா உக்காந்து கேட்டிருப்பே. தோல் டாக்டர் சொன்னாக்கூடக் கேட்டிருப்பே. நான் சொன்னா, சரி பல்லு, பாக்கறேன் பல்லு."

"தோல் டாக்டர் முழு உடம்பையும் படிச்சுட்டுத் தோலுக்குப் போறார்."

"நானும் முதல் வருஷம் பிணத்தைத்தான் அறுத்தேன்."

"கழுத்துக்கு மேல."

"இல்லை. பிணம் முழுசாத்தான் இருந்துது."

"ஆஸ்பத்திரி வராந்தாவுல என்ன பேச்சு இது," என்று அம்மா இருவர் நடுவில் வந்தாள். "ரெண்டும் கழுதை வயசாச்சு. இன்னும் பென்சிலுக்கு அடிச்சுக்கறாப்புல."

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அவர் வாயில கொடுத்தாப் புரை ஏறும். நுரையீரல்ல இறங்கும். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நான் வாரத்துக்கு ரெண்டு பேரைப் பாக்கறேன். நீ சொன்னேன்னு விட்டுட்டு, நாளைக்கு நீ தப்பாக் கேட்டிருந்தேன்னு தெரிஞ்சா?"

சின்னவள் சிவப்பு உருளையைப் பார்த்தாள். மூன்று நாளாக அவளை லிஃப்டுக்கும் உருளைக்கும் இடையே நடக்கவிட்ட கேள்வி அதுதான்.

அண்ணன் படியில் இறங்கிப் போனான். கீழே அவனுக்காகக் கூட்டம் காத்திருந்தது.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். "நிஜமாவே உனக்குப் புரியுதாடி?"

"புரியுதும்மா."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"அந்தப் பச்சைப் போர்வையை எடுத்துட்டுப் போகணுமாம். குத்துதாம். வீட்டுலயே வேண்டாம்னு சொன்னாராம், நீ கேக்கலையாம்."

அம்மாவின் முகம் மாறியது. "அதை வாங்கின அன்னிக்கே சண்டை போட்டார். யாருக்கும் தெரியாது அது." கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். "குத்துதாமா? அவ்வளவு விலை போர்வை." எழுந்து உள்ளே போனாள். வேறு போர்வை கேட்டு நர்ஸோடு அவள் மல்லுக்கு நிற்பது வராந்தா வரை கேட்டது.

சின்னவளின் போன் அடித்தது. உதவியாளர் பெண். தாடை வீங்கிப்போய் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், என்ன சொல்ல என்றாள். சின்னவள் மருந்து சொன்னாள். அளவு சொன்னாள். சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்தது. திரும்பக் கூப்பிட்டு மறுபடி சொன்னாள். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். கை கழுவினாள். சற்று முன்புதான் கழுவியிருந்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அண்ணன் வந்தான். பின்னாலேயே நர்ஸ் ஒப்புதல் படிவத்தோடு வந்தாள். மகன் கையெழுத்துப் போட்டால் போதும். அண்ணன் அதைக் கட்டிலின் மேசையில் வைத்தான். பேனாவைத் திறந்தான். அப்பா அவனைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். உறை போட்ட கை மெத்தையில் தொம் தொம் என்று விழுந்தது.

"என்ன சொல்றார்?" என்று அண்ணன் கேட்டான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அதேதான். குழாய் வேண்டாம். 'உன் அம்மா கையால கொடுக்கச் சொல்லு'ங்கறார்."

பேனா காகிதத்தின் மேல் நின்றது. கீழே இறங்கவில்லை. அண்ணன் அதை மூடினான். சட்டைப்பையில் செருகினான். கை கழுவும் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். சின்னவளுக்கு எதிரில் நின்றான். இரண்டு விரல்களை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையை இழுத்துப் பிடித்தான்.

"என்னடா இது, அசிங்கமா?" என்றாள் அம்மா.

அவன் அப்படியே பேசினான். உதடு சேரவில்லை. நாக்கு மேலே தொடவில்லை. ஆவும் ஓவுமாக நீளமாக ஏதோ வந்தது. நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் அவன் புருவத்தைப் பார்த்தாள். குனிந்து அவன் காலைப் பார்த்தாள். பாலிஷ் போட்ட ஷூவின் முனை தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாயும் எல்லோருடைய காலும் இப்படித்தான் அழுத்தும்.

கையெழுத்துப் போட்டாலும் நான்தான் காரணம், போடலைன்னாலும் நான்தான் காரணம், எனக்கு பயமா இருக்கு பல்லு. இதுதான் அவன் சொன்னது.

"என்னடி சொன்னான்?" என்றாள் அம்மா.

நர்ஸ் காத்திருந்தாள். கீழ்த்தளத்தில் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நிற்கும் டாக்டரின் எச்சில் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

"எனக்கும்தான்," என்றாள் சின்னவள், அண்ணனிடம்.

அண்ணன் விரல்களை எடுத்தான். அவளையே பார்த்தான். அவள் மேசையிலிருந்து டிஷ்யூ காகிதத்தை எடுத்து நீட்டினாள். "வாய் கொப்பளிச்சுக்கோ," என்றாள். பழக்கம்.

"எனக்கும்தான்னா? அவன் என்ன சொன்னான்னு கேட்டா எனக்கும்தானாம்," என்றாள் அம்மா.

"பசிக்குதுன்னு சொன்னேம்மா," என்றான் அண்ணன். முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு எதுக்குடா கையை உள்ள விடறே?"

அண்ணன் நாற்காலியை இழுத்தான். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். "நான் கேக்கறேன். அவர் சொல்றதை அப்படியே சொல்லு. கூட்டாதே, குறைக்காதே."

சின்னவள் மறுபக்கம் வந்து நின்றாள்.

"அப்பா. வாயில கொடுத்தாப் புரை ஏறும். நுரையீரலுக்குள்ள போகும். நிமோனியா வரும். அதுல போனவங்க நிறைய பேர். தெரியுமா?"

அப்பா பேசினார்.

"'தெரியும். அதுக்கு மருந்து நம்ம கடையில கல்லாவுக்குப் பின்னாடி தட்டுல இருந்துது'ங்கறார். மருந்து பேர் என்னமோ சொல்றார்." சின்னவள் குனிந்தாள். "திருப்பிச் சொல்லுங்கப்பா." அப்பா சொன்னார். அவள் நிமிர்ந்தாள். "பேர் நீளமா இருக்கு. எனக்குப் புரியலை."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். புரியவில்லை என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவன் குரல் மாறிற்று. வராந்தாவில் பேசிய குரல் இல்லை.

"குழாய் போட்டா இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கலாம்பா."

"'எதுக்கு'ங்கறார்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான்.

"எதுக்காவா?" என்று அம்மா புதுப் போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "நான் ஒருத்தி இங்க இருக்கேன். எதுக்காம்!"

அப்பாவின் வாயில் நல்ல பக்கம் கோணியது. சின்னவள் கேட்டுக்கொண்டாள். "'அவ போடற டீயைக் குடிக்காம அவகூட எப்படி இருக்கறது'ங்கறார்."

"ஒருநாள், ஒரேயொரு நாள் அந்த டீ நல்லா இருக்குன்னு சொன்னதுண்டா இந்த மனுஷன்?" அம்மா நர்ஸைப் பார்த்துக் கேட்டாள். மூக்கை உறிஞ்சினாள். "கேட்டுச் சொல்லு, எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"பதில் சொல்ல மாட்டேங்கறார்மா."

"அது அவரேதான்," என்றாள் அம்மா.

அப்பா அண்ணன் பக்கம் கண்ணைத் திருப்பினார். மெதுவாக, இழுத்து இழுத்துச் சொன்னார். சின்னவள் ஒரு கணம் தயங்கினாள்.

"'டாக்டர் முடிவா என்ன சொல்றார்'னு கேக்கறார்."

அண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "இங்க ரெண்டு டாக்டர் இருக்கோம்பா."

அப்பாவின் கண் அண்ணனிடமிருந்து சின்னவளுக்கு வந்தது. அவளிடம் கொஞ்சம் நின்றது. அவர் பேசினார். சின்னதாகத்தான். இந்தத் தடவை சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"என்ன சொன்னார்?"

"'ஒருத்தர் போதும்'ங்கறார்."

கூட்டவில்லை. குறைக்கவில்லை. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. போர்வையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். சின்னவள் அப்பாவின் கடைவாயில் வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

அண்ணன் எழுந்தான். படிவத்தை நர்ஸிடம் நீட்டினான். "நாளைக்கு இல்லை. வயிறு டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"கையெழுத்து இல்லையே டாக்டர்."

"அதான் இல்லை. நோயாளி மறுத்துட்டார்னு எழுதுங்க. வாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பாக்கறோம். கேட்டது ரெண்டு டாக்டர்னும் எழுதுங்க."

"இன்னொரு டாக்டர் யாரு?" என்றாள் நர்ஸ். பேனாவை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்று.

அம்மா அதற்குள் டீ பிளாஸ்கைத் திறந்துவிட்டாள்.

"அப்படியே கொடுக்கக் கூடாதும்மா," என்று அண்ணன் பாய்ந்தான். "ஆறணும். கெட்டியாகணும். சர்க்கரை போட்டிருக்கியா?"

"துளி."

"அம்மா!"

"துளின்னா துளி."

டீயைக் கெட்டியாக்கும் பொடியை நர்ஸ் கொண்டுவந்தாள். சின்னவள் கலக்கினாள். கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் போல வடிந்தது. இன்னும் கொஞ்சம் பொடி போட்டாள். சாய்த்தாள். தேன் போல இறங்கியது. எச்சில் உறிஞ்சும் கருவியை நர்ஸ் கட்டிலருகே தள்ளிவந்து அதன் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். அது உறுமியது. அப்பா அதை ஓரக்கண்ணால் பார்த்தார். சின்னவளின் கிளினிக்கில் அதே சத்தம்தான், இதைவிடச் சின்னதாக. நாற்காலியில் சாய்கிறவர்களும் அதை இப்படித்தான் பார்ப்பார்கள்.

அண்ணனும் அவளும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். முதுகில் தலையணை. செயலிழந்த பக்கத்தில் இன்னொரு தலையணை. அண்ணன் இடது கையின் பஞ்சு உறையை அவிழ்த்தான். அப்பா விரல்களை விரித்தார், மடக்கினார். மூக்கைச் சொறிந்துகொண்டார். வேறெதையும் பிடுங்கவில்லை.

"அம்மா, கரண்டியை நீ பிடி," என்றாள் சின்னவள். "அரைக் கரண்டிதான். இந்தப் பக்கம் வை, நல்ல பக்கம். அப்பா, தாடையை நெஞ்சோட சேத்துக்கங்க. நான் சொல்றப்ப முழுங்கணும்."

"எனக்குக் கை நடுங்குதுடி."

"நடுங்கட்டும். வை."

அண்ணன் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி அப்பாவின் முதுகில் வைத்தான். சின்னவள் அப்பாவின் தாடைக்குக் கீழே நான்கு விரல்களைப் பதித்தாள். சவரம் செய்யாத தோல் குத்தியது. கரண்டி உள்ளே போனது. வெறுமையாக வெளியே வந்தது.

"முழுங்குங்கப்பா."

ஒன்றும் நடக்கவில்லை. நாக்கு உள்ளே தடுமாறுவது விரலுக்குத் தெரிந்தது. எழும்பியது, சரிந்தது. அம்மா தன்னை அறியாமல் தன் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். நர்ஸின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"இன்னொரு தடவைப்பா. அவசரமில்லை."

அவசரம்தான். வாயில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் தப்பான வழி திறந்தே கிடக்கிறது. அவள் விரலுக்கு மேலே தசை இறுகியது. தொண்டை எலும்பு அசைந்தது. ஏறியது. பாதியில் நின்றது. பிறகு மேலே போய் இறங்கியது.

"போச்சு," என்றாள் சின்னவள்.

"இரு," என்றான் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டான். கருவியை முதுகில் கொஞ்சம் கீழே நகர்த்தினான். இன்னும் கீழே நகர்த்தினான். "யாரும் பேசாதீங்க."

வராந்தாவில் லிஃப்ட் கதவு திறந்து மூடியது. சின்னவள் விரலை எடுக்கவில்லை. அண்ணனின் புருவத்தைப் பார்த்தபடி நின்றாள். அது சுருங்கியே இருந்தது. எதைக் கேட்கிறான் என்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவின் நெஞ்சு ஒருமுறை உயர்ந்தது. வாய் திறந்தது. இருமலா, இன்னொரு கரண்டியா என்று தெரியாமல், ஒருத்தி தொண்டையிலும் ஒருவன் முதுகிலும் கையை வைத்தபடி காத்திருந்தார்கள்.